இருதயத்தின் பேரில்

அத்தியாயம் 14

வியாழக்கிழமை காலையில் சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டு, வாசல் கதவைச் சாத்திக்கொண்டு, லூர்து மேரி மறுபடியும் தன் புருஷனாக மாறினாள்.

அதற்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. தேனியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் மெர்லின் செல்போனில் சேர்த்துக் கொடுத்திருந்த இணைப்பைத் தொட்டால் போதும். கட்டம் கட்டமாக முகங்கள் வரும். ஒரு கட்டம் மட்டும் கறுப்பாக இருக்கும். அதன் கீழே 'இருதயம், காமயகவுண்டன்பட்டி' என்று எழுதியிருக்கும். கேட்ட கேள்விக்கெல்லாம் அந்தக் கட்டத்திலிருந்து எழுத்தில்தான் பதில் போகும். எழுதுவது லூர்து மேரி.

போன வருஷம் முழுக்க அந்த வீட்டில் ஆஸ்பத்திரி வாசனைதான். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று போன அவள் புருஷன் இருதயத்துக்குப் புற்றுநோய் என்றார்கள். மதுரைக்கும் ஊருக்குமாக அலைந்து கீமோ ஏற்றி, கதிர்வீச்சுக்குக் கரண்ட் வைத்து, முடி கொட்டி, மறுபடியும் முளைத்து, கடைசியில் ஒருநாள் டாக்டர் சிரித்த முகமாக, இனிமேல் பயமில்லை, சொல்லும்போது மட்டும் வந்து காட்டிவிட்டுப் போங்கள் என்றார். ஊருக்குத் திரும்பியதும் மாதா கோயிலில் பூசை வைத்தார்கள். தெருவே வந்து கைகொடுத்தது. அடுத்த வாரமே இருதயம் பழையபடி முதலாளி சங்கிலியின் ஜீப்பை எடுத்துக்கொண்டு, ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலையில் ஏற ஆரம்பித்தார்.

நோய் போய்விட்டது. அசதி போகவில்லை.

வேலை செய்த அசதி என்றால் தூங்கி எழுந்தால் தீரும். இது தூங்கி எழுந்ததும் கூடவே எழுந்து உட்காரும் அசதி. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருப்பவர் பாதியில் கையைத் தொங்கப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, அள்ளி வாயில் வைக்கத் தெம்பில்லாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். என்ன செய்கிறது என்று கேட்டால், ஒன்றுமில்லை என்பார். திரும்பக் கேட்டால் கோபம் வரும்.

சிகிச்சை முடிந்தவர்களுக்கு இப்படித் தங்கிவிடும் அசதியைச் சமாளிக்க, ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லி வைத்த வகுப்புதான் இது. வீட்டிலிருந்தபடியே செல்போனில் கேட்டுக்கொள்ளலாம். இருதயம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "நோயி போச்சுன்னு அவுகளே சொல்லிட்டாக. அப்புறம் எதுக்கு வகுப்பு? நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?" என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு லூர்து மேரி அந்த இணைப்பைத் தொட்டாள். அன்றிலிருந்து அவள்தான் அவர்.

கேட்டு வைத்த பாடங்களை அவருக்குத் தெரியாமல் வீட்டுக்குள் கொண்டுவருவது அவள் வேலையாயிற்று. நின்றுகொண்டு குளிப்பதே ஒரு உழைப்பு என்று சொல்லிக் கொடுத்தார்கள். தனக்கு முழங்கால் வலி என்று சொல்லிக் குளியலறையில் ஒரு ஸ்டூலைப் போட்டாள். மறுநாளிலிருந்து அவரும் அதில்தான் உட்கார்ந்து குளித்தார். தினமும் கொஞ்ச தூரம் நடந்தால் அசதி குறையும், படுத்தே கிடந்தால் கூடும் என்றார்கள். தனக்குச் சர்க்கரை இருக்குமோ என்று பயமாக இருப்பதாகச் சொல்லி, துணைக்கு என்று அவரைச் சாயங்காலம் திராட்சைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு நடந்தாள். களைத்துப்போன பிறகு ஓய்வெடுக்கக் கூடாது, களைப்பதற்கு முன்னாலேயே எடுக்க வேண்டும் என்றார்கள். அதை மட்டும் எப்படி வீட்டுக்குள் கொண்டுவருவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மலையில் பாதி வழியில் ஜீப்பை நிறுத்திப் படுக்கச் சொல்ல முடியுமா?

அன்றைக்கு வகுப்பு எப்போதும்போல்தான் தொடங்கியது. பாடம் நடத்துவது மகிமா என்ற பெண். பிசியோதெரபி படித்தவள். அதட்டாமல் பேசுவாள். பெரியகுளத்திலிருந்து வரும் வேல்பாண்டி என்பவர், வீட்டில் யாரும் தன்னை நம்புவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆள் பார்க்கக் குண்டாகத்தான் இருக்கிறார், அப்புறம் ஏன் மாந்தோப்புப் பக்கம் எட்டிப் பார்க்காமல் படுத்துக் கிடக்கிறார் என்று சொந்தத் தம்பியே கேட்கிறானாம். நோயோடு இருந்தபோது எல்லாரும் பாவம் பார்த்தார்கள், நோய் போன பிறகுதான் கஷ்டமாக இருக்கிறது என்றார். லூர்து மேரியும்தான் ஒருநாள், இப்படியே எத்தனை நாளைக்கு என்று இருதயத்திடம் கேட்டிருக்கிறாள்.

பாடம் முடிந்ததும், இன்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசப் போவதாக மகிமா சொன்னாள். இருதயத்தின் முறை வந்தது.

"அண்ணே, இன்னைக்கு கேமராவப் போடுங்க. இத்தனை வாரமா உங்க எழுத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

லூர்து மேரி செல்போனை அணைத்துவிடலாமா என்று நினைத்தாள். அணைத்தால் அதோடு முடிந்தது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேமராவைத் தொட்டாள்.

"நான் அவுக சம்சாரம்" என்றாள்.

மகிமா கோபப்படுவாள் என்று லூர்து மேரி எதிர்பார்த்தாள். அவளோ, முதல் நாளிலிருந்தே நீங்கள்தானா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றதும், அண்ணன் இப்போது எங்கே என்றாள். வேலைக்குப் போயிருக்கிறார் என்றதும், வகுப்பில் சேரும்போது விவசாயம் என்று சொல்லியிருந்தீர்களே, தோட்டத்திலா இருக்கிறார் என்றாள்.

அந்த ஒரு பொய்யை லூர்து மேரி தெரிந்தேதான் சொல்லியிருந்தாள். உடம்பு சரியில்லை என்ற பேச்சு எப்படியாவது சங்கிலியின் காதுக்குப் போனால், ஜீப் வேறு ஆளிடம் போய்விடும் என்ற பயம்.

"தோட்டத்துல இல்ல. ஜீப்பு ஓட்டுறாக. மெட்டுக்கு. பொம்பளையாளுகள ஏத்திக்கிட்டு."

மகிமாவின் முகம் மாறியதை அந்தச் சின்னக் கட்டத்திலும் பார்க்க முடிந்தது. அதன் பிறகு அவள் நிதானமாக, ஒவ்வொன்றாகக் கேட்டாள். வண்டியில் எத்தனை பேர் போவார்கள், பாதை எப்படி, ஓட்டும்போது கண் அசந்ததுண்டா. கடைசிக் கேள்விக்கு லூர்து மேரி, தெரியாது என்றாள். அவள் ஒருநாளும் அந்த ஜீப்பில் மலையேறியதில்லை.

மகிமா சொன்னதன் சாரம் இதுதான். இந்த அசதி சோம்பல் இல்லை, நோய் திரும்பி வந்ததற்கு அடையாளமும் இல்லை. ரத்தம் குறைந்திருந்தாலும் இருக்கும், தைராய்டு கெட்டிருந்தாலும் இருக்கும், மனசு கெட்டிருந்தாலும் இருக்கும். பார்த்தால் தெரியும், தெரிந்தால் வழி உண்டு. ஆனால் டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரைக்கும் அவர் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் ஓட்டக் கூடாது. நாளைக்கே மதுரைக்குக் கூட்டிவந்தால், டாக்டரிடம் பேசி வைப்பதாகச் சொன்னாள்.

"அவர் கூட வண்டியில போறவங்க யாரையாவது கேளுங்கக்கா. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள் முடிக்கும்போது.

கூடப் போகிறவள் சொந்தக்காரிதான். அனிதா மேரி, இருதயத்தின் தங்கை. புருஷனை இழந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகும் மகள் சிம்ரனோடு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். காய் எடுக்கும் பருவம் முழுக்க அண்ணன் ஜீப்பில்தான் ஏலத்தோட்டத்துக்குப் போய்வருவாள்.

மலைக்குப் போன் போட்டால் உடனே கிடைக்காது. லூர்து மேரி விடாமல் போட்டுக்கொண்டே இருந்தாள். ஒருவழியாகக் கிடைத்தபோது அனிதா சாப்பாட்டு நேரத்தில் இருந்தாள். பின்னால் மழைத் தூறல் சத்தம் கேட்டது. லூர்து மேரி சுற்றி வளைக்காமல், அண்ணன் வண்டி ஓட்டும்போது தூங்குகிறாரா என்று கேட்டாள்.

அனிதா ஆட்களை விட்டு நகர்ந்து போகிறாள் என்பது தெரிந்தது.

"யாரு மதினி சொன்னது?"

"அப்ப நெசந்தானா?"

"நான்தான் முன்னால பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே வாறேன். பேச்ச விட்டா கண்ணு சொக்கிருது. மத்தவுகளுக்கும் தெரியும். நான் ஓஞ்சு போனா பின்னாலருந்து யாராச்சும் ஏதாச்சும் கேட்டுக்கிட்டே வருவாக."

பல வாரங்களாகவே அப்படித்தானாம். ஜீப் முழுக்கத் தெரியும். வெளியே ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் இருதயத்தின் பிழைப்பு போய்விடும் என்பது ஒன்று. அந்தத் தெருவுக்குள் வந்து ஏற்றிக்கொண்டு போக வேறு ஜீப் கிடையாது, தோட்டத்தில் வேறு ஆள் எடுத்துவிடுவார்கள் என்பது இன்னொன்று.

அதன் பிறகு அனிதா குரலைத் தாழ்த்தி அன்று காலையில் நடந்ததைச் சொன்னாள். மேலே ஒரு கொண்டை ஊசி வளைவு. மூடுபனி. வண்டி திரும்பவே இல்லை. நேராகப் போயிற்று. சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கிவிட்டது. அனிதா அவர் கையில் ஓங்கி அடித்து ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தாள். ஓரத்தில் இருந்த கல்லில் உரசிக்கொண்டு வண்டி நின்றது. பின்னாலிருந்த பெண்கள் கத்தக்கூட இல்லையாம்.

சாயங்காலம் அந்த வண்டியில் ஏறாதே என்றாள் லூர்து மேரி.

"எங்கண்ணன் வண்டியில நானே ஏறலைன்னா வேற யாரு மதினி ஏறுவா?" என்றாள் அனிதா. அதற்குள் இணைப்பு அறுந்துபோயிற்று.

லூர்து மேரி இருதயத்துக்குப் போட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை. எடுத்தாலும் என்ன சொல்லுவாள்? வீட்டைப் பூட்டிவிட்டு டவுன் பஸ் பிடித்துக் கம்பம் போனாள். அங்கிருந்து மெட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஏற ஏறப் பள்ளத்தாக்கு கீழே விரிந்துகொண்டே போயிற்று. தென்னந்தோப்புகளையும் வயல்களையும் அவள் பார்க்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஓரத்துக் கல்லைத்தான் பார்த்துக்கொண்டு போனாள். ஒரு வளைவில் கல் சாய்ந்து கிடந்தது. அதில் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. சங்கிலியின் ஜீப் பச்சை நிறம்.

மெட்டில் இறங்கியபோது குளிர் முகத்தில் அடித்தது. சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில், டீக்கடை ஓரமாக நின்றாள். தோட்டத்து ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்க ஆரம்பித்திருந்தன. சாவடியில் இருக்கும் போலீஸ்காரரிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. புருஷனைப் போலீஸில் பிடித்துக் கொடுத்தவள் என்ற பேர் வரும். போகாமல் நின்றாள். பச்சை ஜீப் தெரிந்ததும் நடு ரோட்டுக்குப் போய் நின்றுகொண்டாள்.

ஜீப் நின்றது. முன் சீட்டில் அனிதா. பின்னால் சாக்கையும் தூக்குவாளியையும் மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இருதயத்தின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"இங்கன எதுக்கு வந்த?"

"இறங்குங்க. வண்டிய இங்கனயே போட்டுட்டு பஸ்ஸுல போவோம்."

அவர் சிரிக்கப் பார்த்தார். வழியை விடு, பின்னால் வண்டி நிற்கிறது என்றார். லூர்து மேரி நகரவில்லை. அவரிடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும் பின்பக்கம் போய்ப் பெண்களிடம் பேசினாள். இவருக்கு உடம்பு இன்னும் தேறவில்லை, வண்டி ஓட்டக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள், இவர் பேரில் நான்தான் செல்போனில் வகுப்பு கேட்டுக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியும் என்று கொட்டித் தீர்த்தாள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வயதான ஒரு அம்மாள் மட்டும் முகம் இருண்டுபோய்க் கேட்டாள்.

"நோயி திரும்பிருச்சா?"

இல்லை என்றாள் லூர்து மேரி. நோய் இல்லை, அசதிதான், உடம்பு முழுக்க வற்றிப்போகிற மாதிரி ஒரு அசதி என்றாள். அந்த அம்மாள் பாவமாகத் தலையை ஆட்டினாள். அவள் நம்பவில்லை. ஜீப்பில் ஒருத்தியும் நம்பவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது இரண்டுதான். நோய் இருக்கிறது, இல்லை நோய் போய்விட்டது. இரண்டுக்கும் நடுவில் இப்படி ஒன்று கிடந்து ஆளை வாட்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. நோய் திரும்பியதை மறைக்கப் பெண்டாட்டி என்னென்னமோ சொல்லுகிறாள் என்றுதான் நினைத்தார்கள்.

எல்லாரும் அனிதாவைப் பார்த்தார்கள். அனிதா அண்ணனைப் பார்த்தாள். அவர் கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அனிதா கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கினாள். அதற்காகவே காத்திருந்ததுபோல் மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். கடைசி ஆள் இறங்கியதும் ஜீப் லேசாக மேலே எழும்பியது. இருதயம் அப்போதுதான் திரும்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். சீட்டு காலியாக இருந்தது.

லூர்து மேரி முன் கதவைப் பிடித்து ஏறப் போனாள். அதற்குள் அவர் வண்டியை எடுத்துவிட்டார். கதவு அவள் கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பதினேழு வருஷத்தில் முதல்முறையாக எல்லார் முன்னாலும் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஜீப் மூடுபனிக்குள் போய்விட்டது.

கீழே போகும் பஸ் வர நேரமாயிற்று. ஏறியதும் லூர்து மேரியும் அனிதாவும் டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் மூடுபனியில் பஸ்ஸின் வெளிச்சம் போய் விழும் இடத்தை இரண்டு பேரும் பார்த்தார்கள். சாய்ந்த கல் இருந்த வளைவு வந்ததும் அனிதா கண்ணை மூடிக்கொண்டாள். லூர்து மேரி மூடவில்லை. அங்கே ஒன்றும் இல்லை.

அடிவாரத்தை நெருங்கும்போது செல்போன் அடித்தது. சங்கிலி.

"என்னம்மா, இருதயத்துக்கு நோயி திரும்பிருச்சாமே. மேலருந்து போன் வந்துச்சு. அவரு வண்டியக் கொண்டாந்து விட்டுட்டு ஒரு வார்த்த பேசாமப் போயிட்டாரு."

ஆள் உயிரோடு வந்து சேர்ந்துவிட்டார் என்பது மட்டும்தான் முதலில் அவள் காதில் ஏறியது. சங்கிலி நல்ல மனுஷன்தான். இருதயம் நன்றாக உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், நாளையிலிருந்து உத்தமபாளையத்துப் பையன் ஒருவன் வண்டியை எடுக்கிறான், ஆனால் அவன் கம்பத்தில்தான் ஆள் ஏற்றுவான், தெருவுக்குள் வரமாட்டான் என்றார். இது நோய் திரும்பியது இல்லை என்று லூர்து மேரி சொல்ல ஆரம்பித்தாள். அவர் போனை வைத்துவிட்டார்.

அனிதாவிடம் அண்ணன் வந்துவிட்டார் என்று மட்டும் சொன்னாள். அனிதா அப்படியே படிக்கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். ஜீப் இனி தெருவுக்குள் வராது என்பதை லூர்து மேரி அப்போது சொல்லவில்லை. பிறகு மகிமாவிடம் போனில் பேசினாள். நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டாள். அவர் வருவாரா என்பது அவளுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். இருதயம் கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். சட்டையைக் கழற்றவில்லை. செருப்பையும் கழற்றவில்லை. கோபமாக ஏதாவது சொல்லுவார் என்று லூர்து மேரி பயந்தாள். அவரோ கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

"என் பேருல போயி உக்காந்தியே. அங்கன நான் என்னெல்லாம் சொன்னேன்?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். லூர்து மேரி சொன்னாள். தூங்கி எழுந்தாலும் அலுப்பு தீரவில்லை என்று சொன்னது. பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு மறந்துபோகிறது என்று சொன்னது. பூசையில் எழுந்து நிற்க முடியாததற்கு வெட்கப்பட்டுக் கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டதாகச் சொன்னது. மகள் போன் செய்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எப்போது வைப்பாள் என்று இருக்கிறது என்று சொன்னது.

அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். மெர்லினைப் பற்றியது வந்தபோது மட்டும் திரும்பி அவளைப் பார்த்தார். அதை அவர் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.

"மனசப் பத்தி ஏதும் கேட்டாகளா?"

"கேட்டாக."

"என்னன்னு எழுதுன?"

"நல்லாருக்குன்னு எழுதுனேன்."

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். ஒன்றைக் கழற்றிவிட்டு அடுத்ததைக் கழற்றாமல் இருந்தார்.

"காலைல நான் தூங்கல, லூர்து."

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"அனிதா நான் தூங்கிட்டேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கா. மத்த நாள்ல கண்ணு சொக்குனது உண்டு. இன்னைக்கி முழிச்சுத்தான் இருந்தேன். வளைவு தெரிஞ்சுச்சு. ஸ்டியரிங்க ஒடிக்கணும்னும் தெரிஞ்சுச்சு. கை வரல. போனாப் போகட்டும்னு இருந்துச்சு. அவ்வளவுதான். பின்னால ஆளுக இருக்காகங்கிற நெனப்பே இல்ல."

இத்தனை வாரம் கேட்ட பாடங்களில் எதுவும் லூர்து மேரிக்கு ஞாபகம் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. இந்த மனிதரை உட்கார வைத்துக் குளிக்கச் செய்யவும், நடக்க வைக்கவும் தந்திரம் செய்துகொண்டிருந்தோமே, இதைக் கேட்காமல் விட்டுவிட்டோமே என்று நினைத்தாள். சாவுக்கு அத்தனை பக்கத்தில் போய்வந்தவர் அதை இன்னும் விட்டு வரவில்லை.

"நாளைக்கி மதுரைக்குப் போவோம். அந்தப் பிள்ளைகிட்ட இத அப்படியே சொல்லுங்க. நான் சொல்லல. நீங்களே சொல்லுங்க."

"சரி" என்றார்.

மறுத்துப் பேசாமல் அவர் சரி என்று சொல்லி எவ்வளவோ நாளாயிற்று. லூர்து மேரிக்கு அழுகை வந்தது.

அடுப்படிப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினாள். அனிதா நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் சாப்பிட்டிருக்கமாட்டார் என்று கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. முகமே சொன்னது.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, அப்ப நான் பேசிக்கிட்டுத்தான வந்தேன்?"

"ஆமா."

"காதுல விழுந்துச்சா?"

இருதயம் பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அதற்கும் தெம்பில்லை.

"விழுந்துச்சு. சிம்ரன நர்சிங் படிக்க வைக்கணும்னு சொல்லிக்கிட்டு வந்த."

அனிதா அவரையே பார்த்தாள். அவர் கையில் காலையில் தான் அடித்த இடத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் புகுந்து வாசலுக்கு நடந்தாள். லூர்து மேரி பின்னாலேயே எழுந்து போய்க் கூப்பிட்டாள். அவள் நிற்கவில்லை.

வெளியே தெருவிளக்கடியில் ஜீப் பெண்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். நாளைக்குக் காலையில் வண்டி வருமா வராதா என்று தெரியாமல் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அனிதா படியிறங்கியதும் நாலைந்து குரல் ஒரே நேரத்தில் கேட்டது. அண்ணனுக்கு எப்படி இருக்கிறது, டாக்டர் என்ன சொன்னார், நோய் திரும்பியது நிஜம்தானா?

லூர்து மேரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அனிதா அவர்களிடம் ஏதோ சொன்னாள். குரல் தாழ்ந்திருந்ததால் இவளுக்கு 'முழிச்சுத்தான் இருந்திருக்காரு' என்பது மட்டும்தான் கேட்டது. சொல்லி முடித்ததும் தெருவில் பேச்சு நின்றது. யாரும் இந்த வீட்டைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. தூக்குவாளிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகக் கலைந்து போனார்கள்.

கதவுகள் சாத்தும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. கொல்லைப்புறத்தில் இருதயமும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.